ஒரு வரிக்கு எத்தனை எழுத்து?

நான் வேலை பார்த்த அலுவலகத்துப் பிள்ளைகள் போன வாரம் போன் செய்தார்கள். "மேடம், எடிட்டர்ல இருக்கிற லிமிட் எல்லாத்தையும் தூக்கிடலாம்னு இருக்கோம். இப்பதான் மெமரி ஜாஸ்தியாச்சே. ஆனா வரி நீளத்துக்குப் பக்கத்துல மட்டும் 'மூன்றால் வகுத்துப் பார்க்கவும்'னு நீங்க எழுதி வெச்சிருக்கீங்க. எதுக்குனு புரியல" என்றார்கள். போனில் சொல்லி முடிகிற கதை இல்லை, எழுதி அனுப்புகிறேன் என்றேன். படித்துவிட்டுச் சிரித்தாலும் சரி, சிரிப்பு வராவிட்டாலும் சரி.

என்னைத் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. திருவண்ணாமலையில் பிறந்து, வேலூரில் படித்து, சென்னைக்குப் போகாமலேயே கம்ப்யூட்டர் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். திருவண்ணாமலையிலேயே இருந்த எங்கள் கம்பெனி சின்னது. தமிழில் தட்டச்சு செய்து, திருத்தி, அச்சுக்கு அனுப்புகிற மென்பொருள் ஒன்றுதான் எங்கள் சரக்கு. டிடிபி கடைக்காரர்களும் பத்திரம் எழுதுகிறவர்களும் கல்யாணப் பத்திரிகை அடிக்கிறவர்களும் அதை வாங்கினார்கள். பழைய கம்ப்யூட்டரில் ஓடும், விலையும் கம்மி. அதனால்தான் பிழைத்தோம்.

பழைய கம்ப்யூட்டரில் ஓட வேண்டும் என்றால் ஒவ்வொன்றுக்கும் அளவு வைத்தாக வேண்டும். தப்பாக அடித்ததை எத்தனை முறை பின்னால் போய்ச் சரிசெய்யலாம், ஒரே நேரத்தில் எத்தனை கோப்பு திறக்கலாம், ஒரு வரி எவ்வளவு நீளம் போகலாம் என்று எல்லாவற்றுக்கும் ஓர் எல்லை. இந்த எல்லைகளை வைப்பவர் பலராமன் சார். எனக்கு மேலதிகாரி. கத்த மாட்டார். புதிதாகச் சேர்ந்த பெண்ணைக்கூட வாங்க, போங்க என்றுதான் பேசுவார். பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நாம் எழுதியதைத் திரையில் விரல் வைத்துப் படிப்பார். அவர் எழுந்து போன பிறகு திரை முழுக்க ரேகை இருக்கும்.

அவர் கேட்பது ஒரே கேள்வி. "ரொம்பினா?"

அதாவது, நீ வைத்த பெட்டி நிரம்பிவிட்டால் என்ன ஆகும்? அதற்குப் பதில் இல்லாமல் எந்த எண்ணையும் எழுத விடமாட்டார். சாதாரண ஆளுக்கு எவ்வளவு தேவைப்படும் என்று கடை கடையாகப் போய்ப் பார்ப்போம். அதைப் போலப் பத்து மடங்கு வைப்போம். இருப்பதிலேயே நோஞ்சான் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்ப்போம். அப்புறமும் ஒருவர் எல்லையில் வந்து முட்டினால், 'இதற்கு மேல் முடியாது' என்று அவருக்குப் புரிகிற தமிழில் திரை சொல்ல வேண்டும். ஒருமுறை முகூர்த்த மாதத்தில், பின்னால் போய்த் திருத்துவதற்கு எல்லையே வைக்காமல் விட்டுப் பார்த்தோம். ஒரு கடையில் கம்ப்யூட்டர் மூச்சு வாங்கிப் படுத்துவிட்டது, செய்த திருத்தமெல்லாம் போய்விட்டது. மாப்பிள்ளை பெயர் மாறிய பத்திரிகையோடு பெண் வீட்டார் எங்கள் வாசலுக்கே வந்துவிட்டார்கள். அன்று சார் பட்ட பாட்டை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது.

வரி விஷயம் மட்டும் வேறு மாதிரி. பழைய எழுத்துருவில் அடித்த கோப்புகளை மாற்றினால் சில சமயம் முழுப் புத்தகமும் ஒரே வரியாக வந்து விழும். ஒவ்வொரு எழுத்து அடிக்கும்போதும் கம்ப்யூட்டர் அந்த வரி முழுவதையும் அளந்து திணறும். அதனால், மிக நீளமான வரியை உள்ளுக்குள்ளேயே துண்டு துண்டாக வெட்டி வைத்துக்கொள்ளும்படி செய்தோம். துண்டுக்கு அறுபத்தைந்தாயிரத்து ஐந்நூற்று முப்பத்தாறு குறி. கம்ப்யூட்டர்காரர்களுக்கு அது ரொம்ப வசதியான எண். வெட்டியது பயன்படுத்துகிறவருக்குத் தெரியாது, திரையில் ஒரே வரியாகத்தான் ஓடும்.

"ரொம்பினா?" என்றார் சார்.

"அடுத்த துண்டுக்குப் போயிடும் சார். ஆளுக்கே தெரியாது. மெசேஜ் எதுவும் வேணாம்."

அவர் அந்த எண்ணின் மேல் விரலை வைத்தார். "ஆளுக்குத் தெரியாம ஒரு எல்ல இருக்கறது எனக்கு ஒரு மாதிரியா இருக்குதுங்க" என்றார். ஆனால் மறுக்க ஒரு காரணமும் அவருக்குக் கிடைக்கவில்லை. எனக்கும் கிடைக்கவில்லை. அப்படியே வைத்தோம்.

இதோடு இன்னொரு விதியும் இருந்தது. பழைய கோப்புகளில் துணைக்காலும் கொம்பும், 'கி'யில் க-வின் தலைமேல் வளைகிற மேல்விலங்கும் தனியாகச் சிதறிக் கிடக்கும். தமிழில் எந்த வரியும் அப்படி ஒரு துணைக்குறியோடு தொடங்காது அல்லவா? அதனால் கோப்பைத் திறக்கும்போது வரியின் தொடக்கத்தில் அப்படி ஏதாவது கிடந்தால் குப்பை என்று கூட்டித் தள்ளிவிடும். அதுவும் நியாயமான விதிதான். தனித்தனியாகப் பார்த்தால் மாமியாரும் நல்லவர், மருமகளும் நல்லவள்.

சில வருடம் ஒரு குறையும் இல்லை. அப்புறம் ஒருநாள் காலையில் ஊரை ஒட்டிய வேங்கிக்காலிலிருந்து ஒரு போன் வந்தது.

"மேடம், உங்க சாஃப்ட்வேர்ல ஒரு எழுத்து செத்துச் செத்துப் போவுது மேடம்."

எழுத்து காணாமல் போகிறது என்பார்கள், மாறிப் போகிறது என்பார்கள். செத்துப் போகிறது என்று அதுவரை யாரும் சொன்னதில்லை. என்ன எழுத்து என்று கேட்டேன். "அத போன்ல சொல்ல மாட்டேன், நேர்ல வாங்க" என்று வைத்துவிட்டாள்.

கலெக்டர் ஆபீசுக்கு எதிர்ச் சந்தில் அவள் கடை. பெயர் தனலட்சுமி, முப்பத்தைந்து வயதிருக்கும். மனு அடித்துக் கொடுப்பது, ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம் எல்லாம் செய்கிற கடை. நான் போனது மொட்டை வெயிலில். மனு கொடுக்க வந்த கூட்டம் கலைந்து தெரு வெறிச்சென்று இருந்தது. கடைக்குள் மின்விசிறி ஓடியும் அவள் முகம் முழுக்க வேர்வை. ஓரத்து ஸ்டூலில் அவள் கொழுந்தனார் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

விஷயம் இதுதான். அவள் கணவர் ஏழுமலை கீழ்பென்னாத்தூர் ரோட்டில் வேன் ஓட்டுகிறவர். மல்லாட்டை என்று எங்கள் பக்கம் சொல்கிற வேர்க்கடலை மூட்டை ஏற்றி வரும்போது வண்டி கவிழ்ந்து தலையில் அடி. நினைவில்லாமல் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். தனலட்சுமி அன்றே வேண்டிக்கொண்டாளாம், அவர் கண் விழிக்கிற வரைக்கும் சிவ நாமம் எழுதுகிறேன் என்று. நோட்டில் எழுதினால் அவளுக்கு மணிக்கட்டு வீங்கிவிடும், தட்டச்சில்தான் கை ஓடும். அதனால் கடையில் ஆள் இல்லாத நேரமெல்லாம் கம்ப்யூட்டரிலேயே சிவசிவசிவசிவ என்று அடித்துக்கொண்டு போனாள். நகலெடுத்து ஒட்டவில்லை, ஒவ்வொன்றும் விரலால் அடித்தது. நடுவில் இடம் விடவில்லை. என்டர் தட்டவில்லை.

"ஏம்மா என்டர் தட்டல?" என்றேன்.

"தட்டினா வரி அறுந்துடுமில்ல மேடம்? அது அவரு உசுரு மாதிரி. நானே எப்படி அறுக்கறது?"

முழுப் புத்தகம் ஒரே வரியாக வரலாம் என்று யோசித்த எங்களுக்கு, ஒருத்தி வேண்டுமென்றே ஒரே வரியாக எழுதுவாள் என்று தோன்றவில்லை.

திரையை என் பக்கம் திருப்பினாள். பக்கம் பக்கமாகச் சிவசிவ. பார்க்கப் பார்க்கக் கண் கூசியது. நகர்த்திக்கொண்டே போய் ஓர் இடத்தில் நிறுத்தி, விரலை வைக்காமல் முகவாயால் காட்டினாள். வலது ஓரத்தில், அத்தனை சிவ நடுவே ஒரே ஒரு இடத்தில் 'சவ' என்று நின்றது.

சிவம் போனால் சவம் என்பதை இந்த ஊரில் சின்னப் பிள்ளையும் சொல்லும். அதை அப்படிக் கண்ணெதிரே எழுத்தில் பார்த்தது எனக்கு அதுதான் முதல் தடவை.

"அடிக்கறப்ப விட்டுப் போயிருக்கும்" என்றேன்.

அவள் கீபோர்டை இழுத்தாள். மேல்விலங்கைப் போட்டுத் திருத்தினாள். சிவ ஆயிற்று. சேமித்தாள், மூடினாள், திறந்தாள். சவ. "இப்ப நீங்க பண்ணுங்க" என்றாள். நானும் என் கையால் திருத்தி, சேமித்து, மூடித் திறந்தேன். மறுபடியும் சவ.

"இது ரெண்டாவது கம்ப்யூட்டர் மேடம். மொதல்ல அதோ, அதுலதான் அடிச்சேன். அங்க இப்படி ஆச்சின்னு, எல்லாத்தையும் விட்டுட்டு இதுல மொதல்லேருந்து அடிச்சேன். அதே பக்கம், அதே ஓரம். நான் எண்ணிக்கூட அடிக்கல மேடம். மிஷினுக்கு எப்படித் தெரியும் அந்த எடம்?"

கொழுந்தனார் எழுந்து வந்தார். "நீங்களாச்சும் சொல்லுங்கம்மா. தலையில ரத்தம் கட்டியிருக்குது, ஆப்பரேஷன் பண்ணினா பொழைக்க வாய்ப்பிருக்குதுன்றாங்க. நாளைக்கு மத்தியானத்துக்குள்ள கையெழுத்துப் போடணும். அண்ணி மாட்டேன்னு உக்காந்துகினு இருக்காங்க."

"நான் கையெழுத்துப் போட்டு, உள்ள எடுத்துட்டுப் போயி, சவமா குடுத்தாங்கன்னா?" என்றாள் தனலட்சுமி. குரல் உயரவில்லை. "அவருதான் எழுதிக் காட்டிட்டாரே. இப்படியே மூச்சாவது இருக்கட்டும்."

அவர் என்றபோது அவள் வாசல் பக்கம் பார்த்தாள். வாசலுக்கு எதிரே மலை. இந்த ஊரில் எந்தத் தெருவில் நின்றாலும் எங்காவது ஓர் ஓரத்தில் மலை தெரியும். வாழ்நாள் முழுக்கப் பார்த்த மலைதான். அன்றைக்கு அதைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

கோப்பை வாங்கிக்கொண்டு ஆபீசுக்கு ஓடினேன். பலராமன் சார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எங்கள் எடிட்டரில் திறக்காமல், வெறும் குறிகளாகக் காட்டுகிற வேறொரு கருவியில் திறந்தார். கம்ப்யூட்டருக்கு 'சி' ஒரு எழுத்து இல்லை, ச ஒரு குறி, மேல்விலங்கு இன்னொரு குறி. கடையில் நான் திருத்திச் சேமித்த மேல்விலங்கு கோப்பில் அப்படியே இருந்தது.

"இருக்குதுங்க. கோப்புல உயிரோடதான் இருக்குது" என்றார். "நாம தொறக்கறப்பதான் போவுது."

அப்புறம் மேசைப் பக்கம் திரும்பினார். மேசையில் விரலால் ஏதோ எழுதி அழித்துக்கொண்டிருந்தார். "ச, மேல்விலங்கு, வ. மூணு குறி. நம்ம துண்டு அளவ மூணால வகுங்க."

வகுத்தேன். "மீதி ஒண்ணு சார்."

"அப்படின்னா மொத துண்டு ச-வோட முடியுது. ரெண்டாவது துண்டு மேல்விலங்குல ஆரம்பிக்குது. துண்டையும் ஒரு வரின்னு நெனச்சி, வரி துணைக்குறியோட ஆரம்பிக்காதுன்னு நம்ம சாஃப்ட்வேர் கூட்டித் தள்ளிடுது."

இரண்டு விதியும் சரி. இரண்டும் சந்தித்த இடம்தான் அது. இடம் விட்டு எழுதியிருந்தால் நான்கு குறி, மீதி இல்லாமல் வகுபட்டிருக்கும், இது வந்திருக்காது. வேறு எந்த நாமம் எழுதியிருந்தாலும் இப்படி ஒரு சொல் வந்திருக்காது. மூன்றில் ஒரு பங்கு வாய்ப்புதான், அதிசயம் ஒன்றும் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சாரும் அதையேதான் சொன்னார். ஆனால் சொல்லிவிட்டு, திரையிலிருந்த தன் விரல் ரேகையைக் கைக்குட்டையால் துடைத்தார். அவர் துடைத்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"சரிபண்ணி அனுப்பறதுக்கு முன்னால, அந்தம்மாவ நம்ப வைக்கணும். சரிபண்ணிட்டா அப்புறம் காட்ட முடியாது. நாளைக்குக் கடை தொறந்ததும் போங்க" என்றார்.

மறுநாள் கடை திறந்ததும் போய் நின்றேன். தனலட்சுமியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். துண்டு, குறி, மூன்றால் வகுப்பது, ஒன்றும் விடவில்லை. கெட்டிக்காரி, எல்லாம் புரிந்துகொண்டாள்.

"சரி மேடம். வகுத்தா ஒண்ணு மீதி. அந்த ஒண்ண யாரு வெச்சது?" என்றாள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. நகர் என்று அவளைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தேன். புதுக் கோப்பில் சிவ என்று அடித்து, நகலெடுத்து ஒட்டி, அந்த இரண்டை நாலாக்கி, நாலை எட்டாக்கி, மளமளவென்று பெருக்கினேன். சேமித்து மூடித் திறந்தேன். வலது ஓரத்தில், அதே இடத்தில் சவ.

"பாத்தியா? யாரு பண்ணாலும் வரும்."

அவள் தலையை ஆட்டினாள். "அது யாருக்கும் இல்லாம ஒட்டினது மேடம். கோயில்ல அர்ச்சன பண்ணா பேரு நட்சத்திரம் கேக்கறாங்க இல்ல? அது மாதிரி, ஒரு உசுரோட பேரச் சொல்லிட்டுப் பண்ணுங்க. அப்பவும் சவம்னு வந்து, அந்த உசுருக்கு ஒண்ணும் ஆவலன்னா நான் நம்பறேன். கையெழுத்துப் போடறேன்."

"அவ்ளோதானே?" என்றேன்.

இன்னொரு புதுக் கோப்பைத் திறந்தேன். என் மகன் ஓசூரில் வேலை பார்க்கிறான், தினமும் பைக்கில் போய் வருகிறவன். அவன் பெயர்தான் முதலில் வாயில் வந்தது. முதல் எழுத்தோடு நின்றுவிட்டது. சரி, வீட்டுக்காரர் பெயரைச் சொல்லலாம் என்று பார்த்தேன். அவருக்குச் சர்க்கரை. அதுவும் வரவில்லை. இந்த மென்பொருளின் உள்ளே எது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். எங்கே வெட்டும், எது விழும், ஏன் விழும் என்று காகிதத்தில் போட்டுக் காட்டுவேன். இருந்தும் நாக்கு எழவில்லை.

தனலட்சுமி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பாத்தீங்களா மேடம்? உங்களாலயே முடியல" என்றாள். குத்திக் காட்டவில்லை, பரிதாபமாகத்தான் சொன்னாள். ஸ்டூலில் இருந்த கொழுந்தனார் முகத்தை மூடிக்கொண்டார்.

"பேரு வசந்தா. நட்சத்திரம் சதயம்" என்றேன்.

"அது யாரு மேடம்?"

"நான்தான்."

சிவ என்று அடித்தேன். ஒட்டினேன், பெருக்கினேன். மௌஸை அழுத்திப் பிடித்தேன். சேமித்தேன், மூடினேன். திறப்பதற்கு முன்னால் ஒரு கணம், வராமல் இருக்கட்டும் என்று நினைத்தேன். வராவிட்டால் ஏழுமலைக்கு ஆப்பரேஷன் இல்லை என்று தெரியும். தெரிந்தும் அப்படித்தான் நினைத்தேன். உயிர் பயம் என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

திறந்தேன். வலது ஓரத்தில் சவ.

தனலட்சுமி திரையைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்தாள். என் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்தாள் என்று நினைக்கிறேன். ஜெராக்ஸ் எடுக்க வந்த ஒருவர் வாசலில் நின்று உள்ளே பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் போய்விட்டார்.

"உங்களுக்கு ஒண்ணும் பண்ணலையே மேடம்?"

"ஒண்ணும் பண்ணல. நல்லாத்தான் இருக்கேன், பாரு."

"தண்ணி குடிங்க" என்று செம்பை நீட்டினாள். நான் குடித்து முடிக்கிற வரைக்கும் நின்றாள். அப்புறம் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, "வண்டிய எடுங்க தம்பி" என்றாள். கொழுந்தனார் பைக்கை உதைத்த வேகத்தில் செருப்பை விட்டுவிட்டுப் போய்விட்டார். கடையைப் பூட்டிச் சாவியைப் பக்கத்துக் கடையில் கொடுத்தது நான்தான்.

ஏழுமலை பிழைத்துக்கொண்டார். இடது கை மட்டும் முன்போல் இல்லை. பலராமன் சார் அந்த வாரமே விதியை மாற்றினார். எந்தத் துண்டும் எழுத்துக்கும் அதன் துணைக்குறிக்கும் நடுவே வெட்டக் கூடாது, வெட்டிய துண்டைத் தனி வரி என்று எண்ணிக் குப்பை கூட்டவும் கூடாது. மூன்றால் வகுக்கச் சொல்லும் குறிப்பை என்னை எழுதச் சொன்னார். அப்புறம் அவர் ஓய்வு பெற்றார், சில வருடம் கழித்து நானும் பெற்றேன். பிள்ளைகளே, மெமரி ஜாஸ்தி என்பதற்காக எல்லையைத் தூக்குவதானால் தூக்குங்கள். எல்லையே இல்லாத வரியை யார், எதற்காக எழுதுவார்கள் என்று மட்டும் ஒருமுறை யோசித்துவிட்டுத் தூக்குங்கள்.

அந்த விஷயத்தை நான் மறந்தே விட்டிருந்தேன். இரண்டு மாதம் முன்னால் ஆதாரில் முகவரி மாற்ற வேங்கிக்கால் பக்கம் போனவள், தனலட்சுமி கடையில் நுழைந்தேன். ஏழுமலை வலது கையால் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருந்தார். "வாங்கக்கா" என்று தனலட்சுமி எழுந்து ஓடி வந்தாள். அவள் எழுந்த நாற்காலிக்கு எதிரே திரையில் பக்கம் பக்கமாகச் சிவசிவ.

"என்னடி இது, இன்னுமா? அவர்தான் எழுந்து நடமாடறாரே" என்றேன்.

"அவருக்கு எழுதினது அன்னிக்கே முடிஞ்சிடுச்சிக்கா. அவரு கண்ணு முழிச்சதும் என்டர் தட்டிட்டேன்." தரையைப் பார்த்தாள். "இது உங்களுக்கு."

"எனக்கா?"

"உங்க பேரச் சொல்லி ஒட்டினீங்களே, அது அப்படியே சவம்னு நின்னுடுச்சே. அத எப்படிக்கா அப்படியே உட்டுட முடியும்? மறுநாளே ஆரம்பிச்சிட்டேன். அதே ஒரே வரிதான், இன்னும் ஓடிக்கினு இருக்குது."

ஏழுமலை ஜெராக்ஸை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அவருக்கும் தெரிந்திருக்கிறது.

"எப்படி முடிக்கறதுன்னு தெரியலக்கா. அவருக்குன்னா கண்ணு முழிக்கற வரைக்கும்னு கணக்கு இருந்துச்சி. உங்களுக்கு எந்தக் கணக்கும் வெக்கலையே. ஒருநாள் வெக்கலாம்னு என்டர் மேல வெரல வெச்சேன். அழுத்த பயமாயிடுச்சி."

மேல்விலங்கும் துண்டும் மூன்றால் வகுப்பதும் மறுபடியும் நாக்கு நுனி வரை வந்தன. போதும்மா, நிறுத்திவிடு என்று சொல்ல வாயைத் திறந்தேன். எனக்கு அறுபது முடிந்துவிட்டது, மகனுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை.

"விரல் வலிக்காம பாத்து அடி" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.